நடிகை வேலை செய்யாத நாவல்

ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஒருவரும் இல்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. பரந்தன் பக்கத்து நூலகமொன்றில் இருபத்தைந்து வருடம் இரவல் மேசையில் இருந்தவளுக்கு அது வராதா என்ன? அந்தத் திமிர் உடைந்த கதை இது.

1. நானே தேடிக்கொடுத்த வினை

சிவமலர் வயல் செய்கிறவர். வாரம் ஒரு நாவல் கொண்டுபோவார். தன் மகள் துவாரகா ஒரு குறும்படத்தில் கதாநாயகியாக நடிப்பதாக ஒருநாள் சொன்னார். முகத்தில் பெருமை பாதி, பயம் பாதி.

"சினிமாவைப் பற்றி ஏதும் கதைப்புத்தகம் இருக்கோ மிஸ்? எனக்கு ஒண்டும் விளங்குதில்லை."

நான் யோசிக்கவே இல்லை. ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த இந்திய நாவலைப் புத்தக இறாக்கையிலிருந்து எடுத்து, திகதி முத்திரை குத்திக் கொடுத்தேன். நானே இரண்டு தரம் வாசித்து அழுத புத்தகம்.

நாலாம் நாள் துவாரகா வந்து நின்றாள். "என்ன மிஸ் புத்தகம் குடுத்தனீங்கள்? இனி நடிக்கப் போகக்கூடாதெண்டு அம்மா ஒற்றைக்கால்ல நிக்கிறா. பாதிப் படம் எடுத்தாச்சு. நான் போகாட்டி வேற ஆளைப் போட்டிடுவினம்."

அன்று பின்னேரமே சிவமலர் வீட்டுக்குப் போனேன்.

"அதில வாற தாயைப் பாத்தனீங்களோ மிஸ்? மகளை வித்துச் சாப்பிடுறாள். நாளைக்குச் சனம் என்னையும் அப்பிடித்தானே கதைக்கும்?" என்றார் சிவமலர்.

அந்தத் தாயை இரண்டு தரமும் திட்டித் திட்டி வாசித்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. "ஒருநாள் என்னோட வந்து ஷூட்டிங்கைப் பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதுதான்" என்றேன்.

"ஓம், வாறன். பிடிக்காட்டி கையோட கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

2. ஒட்டுசுட்டானில் ஒரு பகல்

துவாரகா தண்ணீர்க் குடத்தோடு வயல்வரம்பால் நடந்து வரவேண்டும். காட்சி அவ்வளவுதான். ஒருதரம் மாடு குறுக்கே வந்தது. ஒருதரம் மைக்கின் நிழல் விழுந்தது. "தங்கச்சி, இன்னொருக்காப் போவம்" என்று இயக்குநர் சொல்லச் சொல்ல, அவள் திரும்பிப் போய் முதலிலிருந்து நடந்தாள். கண்டினியூட்டி பிசகக்கூடாது என்பதால் ஒவ்வொரு தரமும் குடம் அதே இடுப்பில், முகம் அதே பக்கம். பதின்மூன்று தரம்!

"வீட்டில ஒரு குடம் தூக்கச் சொன்னா ஆயிரம் நியாயம் கதைப்பாள்" என்று சிவமலர் முணுமுணுத்தார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் மகளின் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதை எழுதினவர் ஒருநாளாவது ஷூட்டிங் பாத்தவரோ மிஸ்? அந்தப் பிள்ளை அழுறாள், ஏமாறுறாள், மருந்து குடிச்சுச் சாகப் பாக்கிறாள். ஒருநாளாவது வேலை செய்யிறாளோ? நாளைக்கும் இவளுக்கு ஷூட்டிங்காம். சோறு கட்டவேணும், வாறன்."

அவர் போனபின் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உண்மைதான். அந்த நடிகை கமெராவுக்கு முன்னால் நிற்கும் ஒரு பக்கம்கூட இல்லை. இறாக்கையில் கிடந்த மற்ற நடிகைக் கதைகளையும் இறக்கிப் பார்த்தேன். அவற்றிலும் அதே சீர்தான். இத்தனை வருடம் வாசித்த எனக்கு இது கண்ணில் படவேயில்லை.

பென்சன் எடுக்கும்வரை, பெண்ணைப் பற்றிய எந்த நாவலையும் ஒருவர் கையில் கொடுக்கமுன், அவள் அதில் என்ன வேலை செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினேன்.