பள்ளிக்கரணையில் ஏற்றிய கண்ணாடி

அம்மாவுக்குக் கருப்பையில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த வருடம்தான் அப்பா அந்தப் பழைய டீசல் ஜீப்பை வாங்கினார். தகரக் கூரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு. சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் கிழக்குத் தாம்பரத்திலிருந்து நகரத்துக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் அவளால் நிற்க முடியாது. நான் வகுப்பில் ஒரே பெண்ணாக மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு கிண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய ஷிஃப்ட் என்பதால் காலையில் நானும் கூடப் போவேன். அப்பா ஓட்டுவார், அம்மா அவர் பக்கத்தில், நான் பின்னால் பெஞ்சில்.

மழைக்காலத்தில் ஒரு நாள், மேடவாக்கம் சாலையில் தேங்கியிருந்த தண்ணீருக்கடியில் ஒரு பள்ளம் இருந்தது தெரியவில்லை. வண்டியின் அடிவயிறு எதன்மீதோ இடித்தது. மறுநாளிலிருந்து சத்தம். தெருமுனை திரும்பும்போதே நாய்கள் எழுந்து ஓடின. தாம்பரத்துக்கு ஏர்ஃபோர்ஸ் விமானச் சத்தம் போதாதென்று நீங்கள் வேறா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் பின்பக்கச் சைலன்ஸரை மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வண்டியை மறுபடி விட்டால், திங்கள்கிழமைக்குள் கிடைக்காமல் ஒரு நாள் கரண்ட் தவறிவிடலாம் என்று அப்பா பயந்தார். அதனால் அப்படியே ஓட்டினோம். வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது.

பள்ளிக்கரணை வந்ததும் அப்பா கையைச் சுழற்றிச் சைகை செய்வார். ஜன்னல் கண்ணாடியை ஏற்ற வேண்டும். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குப்பை எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சாலையில் போகிற எல்லோருமே அங்கே கண்ணாடியை ஏற்றுவார்கள். வேளச்சேரி தாண்டும்வரை இறக்க மாட்டோம்.

அந்த வாரங்களில் அம்மா உருகிப் போனாள். தலைவலி, குமட்டல், சோற்றைப் பார்த்தாலே வாந்தி. கரண்ட் வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது, அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

"ஏங்க, இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம். என்னால முடியல."

"பாதியில விட்டா இதுவரைக்கும் பட்டதெல்லாம் வீண்" என்றார் அப்பா.

"வீணாவே போகட்டும். வண்டியில வர்றப்பவே தலை பொளக்குது. இங்க வந்து படுக்கறதுக்கு முன்னாடியே செத்துடறேன்."

குப்பைப் புகை என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் "வர்றப்பவே" என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. வலிக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கரண்ட், குப்பைப் புகை, வெறும் வயிறு. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். கரண்ட் வைப்பதற்கு முன்பே, வண்டியிலேயே வலி வருகிறது, அதனால் கரண்ட் இல்லை. அம்மா வீட்டில் இட்லி சாப்பிட்டுத்தான் கிளம்பினாள். மிஞ்சியது புகை.

அடுத்த இரண்டு நாள் விடாத மழை. குப்பை நனைந்து ஊறிக் கிடந்தது, ஒரு இழை புகை இல்லை. அப்பா வழக்கம்போலக் கையைச் சுழற்றினார். அம்மா வழக்கம்போல ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் அதே புகை நெடி. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். நான் எழுந்து எல்லாக் கண்ணாடியையும் இறக்கினேன். மழைச்சாரல் அவள் மேல் அடித்தது. அப்பா ஏதோ கத்தினார், எனக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, எஞ்சின் சூடாகும் முன், அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நனைத்த சாக்கைச் சுருட்டிப் புகை வெளியேறும் பின்குழாயின் வாயில் வைத்து அழுத்தினேன். குழாய் சரியாக இருந்தால் எஞ்சின் திணற வேண்டும். திணறவில்லை. முன்னால் எங்கோ புஸ்ஸென்று சீறியது. பானெட்டைத் திறந்தேன். எஞ்சினிலிருந்து புகைக் குழாய் இறங்கும் இணைப்பில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கருகியிருந்தது. ஒரு போல்ட்டைக் காணோம். சுற்றிலும் கரி. அதற்கு நேர் பின்னால், வண்டிக்குள் கியர் கம்பியின் அடியை மூடும் ரப்பர் கிழிந்து கிடந்தது. புகை அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அம்மா கால் வைப்பதற்காக மடித்துப் போட்டிருந்த துண்டைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு.

அப்பாவிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தானே கண்ணாடியை ஏத்தச் சொன்னேன்" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் சைலன்ஸர் மாற்றிய மெக்கானிக் நம்பவில்லை. "இன்னா மேடம், சைலன்ஸரே புச்சா போட்டாச்சு, இன்னும் இன்னா கீது அதுல?" என்றார். சாக்கை வைத்துக் காட்டியதும் குனிந்து கேட்டார். "அட, மூஞ்சியில நோவு, நான் காலுக்குக் கட்டு போட்டுகினு இருந்திருக்கேன்." கழற்றும்போது மீதி போல்ட்டில் ஒன்று உள்ளேயே முறிந்தது. திங்கள்கிழமை வண்டி வேண்டும் என்று அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். முறிந்ததைத் துளைத்து எடுத்து, புது கேஸ்கெட்டும் போல்ட்டும் போட்டு, கியர் ரப்பரையும் மாற்றி, ஞாயிறு மாலை கொடுத்தார்கள்.

அம்மாவிடம் ஒரே ஒரு நாள் வரும்படி கேட்டேன். அதற்கப்புறம் அவள் இஷ்டம்.

திங்கள்கிழமை வண்டி பேச்சை மறைக்காத அளவுக்குத்தான் உறுமியது. பள்ளிக்கரணையில் குப்பை மறுபடி எரிந்தது. அப்பா கையைச் சுழற்றவில்லை. அம்மாவே ஏற்றினாள். வேளச்சேரியில் நான் முன்னால் குனிந்து கேட்டபோது, வலி இல்லை என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் வாந்தி எடுத்தாள். முன்பு போலவே, குடலைப் பிடுங்கிக்கொண்டு. நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்ற அப்பா உள்ளே வரவில்லை. என் கணக்கு தப்பு என்று அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"போறப்ப வலிக்கல. அப்ப இது கரண்டோட வேலை, அவ்வளவுதானே" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "ஏங்க, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா கிளம்பலாம். அங்க கும்பல் சேர்ந்துடுது" என்றாள்.