செல்வமேரி பம்பைத் தொடாமல் ஏற்றிய நாலு கிலோ

செல்வமேரி எதையும் சும்மா விடமாட்டாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் காய்கறிக்காரன் தராசைக்கூடத் தட்டை மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்வாள். 1987இல் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுப் பட்டறை ஒன்றில் அவள் கைப்பம்பு அடித்தாள். நான் அங்கே சூப்பர்வைசர்.

கம்ப்ரஸருக்கான காற்றுத் தொட்டிகள் செய்து கொடுப்போம். வெல்டிங் முடிந்ததும் மாடி டேங்கிலிருந்து தொட்டி முட்டத் தண்ணீர் நிரப்பி, பதினெட்டு கிலோ பிரஷர் வரை பம்பு அடித்து, வால்வை மூடி அரைமணி நேரம் விடுவோம். பிரஷர் காட்டும் கேஜில் முள் இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். அதை நான் வேதமாக நம்பினேன்.

அந்த மே மாதம் சவுரிமுத்து வெல்டிங் செய்த தொட்டிகளில் வரிசையாக முள் இறங்கியது. "இன்னும் ஒண்ணு போச்சுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த தொட்டியிலும் மத்தியானம் ரெண்டு கிலோ இறங்கியது. ஒரு சொட்டு கசிந்தாலும் தெரியட்டும் என்று மூட்டுகளில் சுண்ணாம்பு பூசியிருந்தோம். செல்வமேரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஈரமே காணோமே சார். தண்ணி ஒழுவாம முள்ளு எப்டி எறங்கும்?"

"உன் வேலை பம்பு அடிக்கிறது."

"காத்தால அடிக்கிறதெல்லாம் பாஸாவுது. மத்தியானந்தான் பேஜாரு. அப்ப மாடி டேங்க் தண்ணி கொதிக்குது சார். உள்ள ஆறுனா சுருங்காதா?"

ஒரு டிகிரி ஆறினால் என்ன பெரிதாகச் சுருங்கிவிடும் என்று சிரித்தேன்.

"அப்ப வெயில்ல வெச்சுப் பாக்கலாம்" என்றாள்.

அவளும் சவுரிமுத்துவும் தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே தள்ளினார்கள். பம்பை யாரும் தொடவில்லை. இருபது நிமிஷத்தில் முள் பதினாறிலிருந்து இருபதுக்கு ஏறியது. "தொற, தொற!" என்று கத்தினேன். வால்வைத் திறந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர்தான் வந்திருக்கும், முள் சைபருக்கு விழுந்துவிட்டது.

"இத்தினூண்டு தண்ணிக்கா சார் அவ்ளோ முள்ளு?"

காற்று அமுங்கிக் கொடுக்கும். தண்ணீர் லேசில் கொடுக்காது. அடைத்த தொட்டிக்குள் அது இம்மி விரிந்தாலும் சுருங்கினாலும் முள் கிலோக் கணக்கில் ஆடும். டிப்ளமோவில் இதையெல்லாம் படித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, நன்றாக ஆறியிருந்த அதே தொட்டியில் மறுபடி பம்பு அடித்தோம். முள் அசையவே இல்லை. சவுரிமுத்து வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனான்.

செல்வமேரி மட்டும் நகரவில்லை. "போன வருசம் இதே மாதிரி முள்ளு எறங்குதுன்னு வெல்டர் கேசவன் அண்ணனை நிறுத்துனீங்களே, அதுவும் மே மாசந்தானே சார்?"

கேசவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அவளிடமே கேட்டேன்.

கேசவன் குன்றத்தூர் மலையடிவாரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கை போயிடுச்சுன்னு நெனச்சுதான் சார் வெல்டிங்கையே வுட்டேன். அப்ப நல்லாத்தான் இருந்துச்சா?"