பினாயில் ஊற்றிய மீன்

இன்று கொல்கத்தா சால்ட் லேக்கில் என் அலுவலக வராந்தாவைப் பினாயில் போட்டுத் துடைத்தார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு அப்பாவின் நினைவு வரும்.

நாங்கள் டாலிகஞ்சில் இருந்தபோது அப்பா ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜில் மேனேஜர். புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஐஸுக்கு எங்கெங்கோ அலைந்தும் கிடைக்காமல் மீன் கெட்டுப்போனது. “மேல புது ஐஸைக் கொட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பு” என்றார் முதலாளி. யாரும் விற்க முடியாதபடி அப்பா அத்தனை மீனிலும் பினாயிலை ஊற்றினார். அன்றே வேலை போயிற்று.

“ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இனி என்ன செய்யப் போறோம்?” என்று அம்மா அழுதாள்.

“தெரியல. எனக்கு வேற வழி தோணல” என்றார் அப்பா.

அக்கா படிப்பை நிறுத்திவிட்டு கரியாஹாட்டில் துணிக்கடை வேலைக்குப் போனாள். “உன் படிப்பு என்னாலதானே போச்சு?” என்று அப்பா சாகும்வரை அவளைக் கேட்டார். அவள் ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த நானாவது சொல்லியிருக்கலாம்.