முதல் ரகப் பயில்வான்

என் அக்காள் புருஷன் ஆம்பூர் தோல் மண்டியில் ரகம் பிரிப்பவர். எதைப் பார்த்தாலும் முதல் ரகமா, இரண்டாம் ரகமா என்றுதான் கேட்பார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன கேட்டார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஒருமுறை நாங்கள் வேலூருக்குக் குஸ்தி பார்க்கப் போனோம். வாசலிலேயே ஒருவன் பந்தயம் வாங்கிக்கொண்டிருந்தான். பெரிய பயில்வான் மேல் நான்கு ரூபாய் கட்டி, அவன் ஜெயித்தால் ஒரு ரூபாய்தான் லாபம். ஒல்லியானவன் மேல் ஒரு ரூபாய் கட்டி, அவன் ஜெயித்தால் மூன்று ரூபாய் லாபம்.

"ஒல்லிதான் ஒஸ்தி சரக்கு. அவனுக்குத்தான மூணு ரூபா சொல்றான்" என்றார்.

"அப்படி இல்ல மச்சான். பெரியவன் ஜெயிப்பான்னு எல்லாருக்கும் தெரியும், அதான் லாபம் கம்மி. ஒல்லி ஜெயிக்கிறது கஷ்டம், அதனால ஜாஸ்தி தர்றான்."

"மட்டமான சரக்குக்கு எவனாவது ஜாஸ்தி குடுப்பானா? மண்டிக்காரன் எனக்கே சொல்றியா?"

ஒல்லி மேல் ஒரு ரூபாய் கட்டினார். கணக்குப் புரிந்த நான் பெரியவன் மேல் நான்கு ரூபாய் கட்டினேன்.

பெரியவன் தொடையைத் தட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். எழுவதற்குள் ஒல்லி அவன் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ரயிலடிக்கு ஜட்கா பிடித்ததும், கூலி கொடுத்ததும் மச்சான்தான். இறங்கியதும் என் தோளைத் தட்டினார்.

"விடு மாப்ளே. வெல கம்மின்னு பாத்து ஒரு ரூபா சரக்க வாங்கிட்ட. மண்டிக்குப் புதுசா வர்றவன் எல்லாம் பண்ற தப்புதான்."