செத்த பிள்ளையின் பங்கு

டீக்கடைச் சுவரில் இதை ஒட்டுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

யுத்தம் முடிந்தும் அரிசி வரிசை முடியவில்லை. இன்று காலை கல்மண்டபம் ரேஷன் கடைக்குச் சுந்தரியும் வந்தாள். பத்தொன்பது வயது. ஆண்பிள்ளையாகப் பிறந்து சேலை கட்டியதற்காகப் போன மாதம் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள்.

பெண்கள் வரிசையில் நின்றாள். "அந்தாண்ட போ" என்று தள்ளினார்கள். ஆண்கள் வரிசைக்கு வந்தாள். விசிலடித்தார்கள். அப்படியும் நின்றாள். பசி.

முன்னால் நின்ற அவளுடைய அப்பா கார்டை நீட்டி, அரிசியை அளந்து வைத்ததும் கிட்டே போனாள்.

"அதுல எம்பேரும் கீதுங்க. எம் பங்கைக் குடுங்க."

"இன்னாபா, நெசமா?" என்றார் கடைக்காரர்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம்புள்ள செத்து ஒரு மாசம் ஆவுது. இது யாருன்னே தெர்ல."

வரிசையில் பின்னால் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப செத்தவன் பேரைக் கார்டுலேர்ந்து அடிச்சிடுங்க சார்" என்றேன்.

அப்பா கார்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"உன் வேலையப் பாத்துகினு போ நைனா."

அளந்து வைத்திருந்த அரிசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அதில் அவள் பங்கும் இருந்தது. கடைக்காரர் அடுத்த கார்டுக்குக் கை நீட்டினார்.

சுந்தரி சிரித்தாள். "செத்தவங்களுக்குப் படையலாவது போடுவாங்கண்ணே. எனக்கு அதுவும் இல்ல."

அடுத்த வாரம் அவளோடு நான் வரிசையில் நிற்பேன். கூட நிற்பவர்கள் கீழே பேர் எழுதுங்கள்.

விசிலடித்தவர்களும் எழுதலாம். எழுதாவிட்டாலும் யார் யாரென்று எனக்குத் தெரியும்.