வில்லனுக்காகத் துள்ளிய செல்வப்பிரியா

என் அக்கா மகள் செல்வப்பிரியா பத்தாம் வகுப்பு, கேரள எல்லைக்குள் பெருமாட்டிப் பக்கம் தமிழ் மீடியம். ஓணம் லீவு பத்து நாளும் கணக்கு நோட்டைத் திறந்தே பார்க்காத மகராசி. பள்ளி திறக்கும் திங்களன்று நாற்பது கணக்கும் சரியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் குழு நடனத்தில் இடமில்லை என்று கணக்கு வாத்தியார் மோகனசுந்தரம் சார் சொல்லியிருந்தார். இவளுக்கோ அந்த நடனம்தான் உயிர்.

நேரம் பார்த்து, நான் வேலை பார்க்கும் பொள்ளாச்சித் துணிக்கடைக்குக் கோவை சினிமா விருது விழா பாஸ் இரண்டு வந்தது. அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு!

"அங்கியே உக்காந்து போட்டர்றனுங்க சித்தி" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நோட்டும் பேனாவுமாகக் கூட்டிப் போனேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

அங்கே ஒரு விருது கொடுத்தால், மேடையை மாற்ற அரை மணி நேரம். அந்த இடைவெளியில் மைக் பிடித்த ஒரு பெண் வந்து, "கை தட்டுங்க, சிரிங்க, ஆச்சரியப்படுங்க" என்பாள். பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ள, கேமரா எங்களைச் சும்மாவே படமெடுக்கும். நான் வாய் வலிக்கச் சிரித்தேன். இவள் நடிகர் வந்தால் எழுந்து விசில், போனால் உட்கார்ந்து கணக்கு. முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவது மட்டும் வரவே மாட்டேன் என்றது. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் ஆளே இல்லாத நேரத்தில் திடீரென்று, "வந்துருச்சுங்க சித்தி!" என்று இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். கேமரா நேராக அவள் மேல்.

இரண்டு வாரம் கழித்து டிவியில் போட்டார்கள். சிறந்த வில்லன் பெயரை அறிவித்ததும், கண்ணீரோடு துள்ளுகிறாள் எங்கள் செல்வப்பிரியா! அதை மூன்று தடவை வேறு காட்டினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலியே வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பே அவளை மொய்த்துக்கொண்டது. ஒருவழியாகத் திருத்தி முடித்த லீவு நோட்டுகளோடு வந்தார் சார்.

"வில்லன் மேல அத்தன பாசமா புள்ள?"

"இல்லீங்க சார், நாப்பதாவது கணக்கு வந்த சந்தோசமுங்க."

சார் நோட்டைத் திறந்து காட்டினார். தென்னந்தோப்பின் அகலம் காணும் கணக்கு அது. இவள் போட்ட விடை, மைனஸ் எட்டு மீட்டர்.

"உங்கப்பனுக்கு மூணு ஏக்கர் தோப்பு இருக்குது. அதுல எந்தப் பக்கம் மைனஸ்ல இருக்குது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நடனம் போச்சு என்றே நினைத்தாளாம் இவள். சாரோ நடனக் குழுப் பட்டியலை எடுத்து, முதல் பெயராக அவள் பெயரையே எழுதினார்.

"தப்பான விடைக்கே இந்தக் குதி குதிக்கறவ, மேடையேறினா சும்மா நிப்பாளா?"