பெட்ரோல் பங்கில் நின்ற பஸ்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கீமோவும் கொடுத்து, கரண்டும் வைத்து முடித்து ஐந்தாவது வருடம். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர், கரண்ட் வைப்பது. ஒரு நாள் காலையில் எனக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. நோய் திரும்பிவிட்டது, கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனாலும் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லவே இரண்டு நாள் ஆயிற்று. பயம் வந்தால் எனக்கு வீம்பும் கூடவே வந்துவிடும்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிகிச்சையோடு மாதவிடாய் நின்றதும், திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: மூத்திரம் வந்தால் அடக்க முடியாது. பஸ்ஸோ நடுவில் எங்கும் நிற்காது. நிறுத்தச் சொன்னால் முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன ஏது என்று கேட்பார்கள். அதனால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். காலையில் காபிகூடக் கிடையாது. இந்த வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் மானம் போகவில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், மூத்திரப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்.

"நோய் திரும்பலம்மா. கரண்ட் பட்ட மூத்திரப்பை பல வருஷத்துக்கு அப்புறமும் இப்படி ரத்தம் காட்டும். கூட இன்ஃபெக்‌ஷன் வேற இருக்கு. தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

பஸ் விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கேன்சரையே தாண்டி வந்துட்டீங்க. ஒரு பஸ்சுக்குப் பயந்துகிட்டா தண்ணி குடிக்கறத விட்டீங்க?"

நிஜமான கோபம் அது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிழைத்துக்கொண்டேன் என்ற சந்தோஷத்தில் வெளியே போய் ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தேன்.

ஆனால் பஸ் மாறவில்லையே. இனி வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். மருந்து சாப்பிட்டுக் குணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். சூளகிரி வருவதற்குள் தாங்கவில்லை. எழுந்து டிரைவரிடம் போனேன்.

"அண்ணா, பங்க்ல நிறுத்துங்க. பாத்ரூம் போவணும்."

"லேட்டாவும்மா. கம்பெனில என்னத்தான் கேப்பாங்க."

"எனக்குக் கேன்சர் வந்து கரண்ட் வெச்சிருக்காங்கண்ணா. என்னால அடக்க முடியாது. நிறுத்துங்க!"

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி பெட்ரோல் பங்கில் நின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி ஓடினேன்.

கழிப்பறைக் கதவைத் திறந்து வெளியே வந்தால் வாசலில் வரிசை. எங்கள் பஸ்ஸில் வரும் பெண்கள், ஒன்பது பேர். முன்னால் நின்றவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப் பெண்.

"நாங்களும் தெனம் அடக்கிக்கிட்டுதாங்க்கா வரோம்," என்றாள். "கேக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்ல."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இருங்கண்ணா!" என்று பத்துப் பேரும் கத்தினோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.